வாசகர் கேள்வி பதில்: ஹெய்ட்டி மேளமும் எங்கட உடுக்கும்

போன இதழில ஹெய்ட்டி நாட்டு வூடு மேளத்தைப் பற்றி ரெண்டு பந்தி எழுதினன், அந்த மேளம் கோயிலில ஒரு மாதிரியும் டான்ஸ் கிளாசில இன்னொரு மாதிரியும் பேசும் எண்டு. அதுக்கு வந்த கேள்வியளே பக்கம் நிரம்பக் காணும் எண்டதால இந்தமுறை வேற கேள்வி எடுக்கேல்லை.

மொன்றியலில இருக்கிற மச்சாள் ஹெய்ட்டி டான்ஸ் கிளாசுக்குப் போய் வீடியோ அனுப்பினவ. அம்மா பார்த்திட்டு உது பில்லி சூனியக்காரற்ற ஆட்டம், நிப்பாட்டு எண்டு ஏசினவ. வூடு எண்டா பொம்மையில ஊசி குத்துறது தானே? பரதநாட்டியம் படிக்கிற நான் இதைப் பார்க்கலாமோ?
(இணுவிலிலயிருந்து ஒரு மாணவி)

வடிவாப் பார்க்கலாம் தங்கச்சி. அம்மாவோட சண்டை பிடிக்காம பக்கத்தில இருத்தி வச்சு ரெண்டு பேருமாப் பாருங்கோ. பொம்மையில ஊசி குத்துறது ஹொலிவூட் படக்காரர் பரப்பிவிட்ட கதை, ஹெய்ட்டிச் சனம் கும்பிடுற முறை அதில்லை.

வூடு ஒரு சமயம். பிரெஞ்சுக்காரர் கரும்புத் தோட்டத்துக்கெண்டு ஆபிரிக்காவிலயிருந்து கப்பல் கப்பலா அடிமையாக் கொண்டு வந்து இறக்கின சனம், தகோமிப் பக்கத்து ஃபொன் ஆக்கள், யொரூபா ஆக்கள், கொங்கோ ஆக்கள் எண்டு ஒருத்தற்ற பாஷை மற்றவருக்கு விளங்காத சனம், ஒரே தோட்டத்தில மாட்டுப்பட்டு தங்கட தங்கட தெய்வங்களை ஒரே முத்தத்தில வச்சுக் கும்பிடத் தொடங்கினதில வளர்ந்தது. எல்லாத்துக்கும் மேல போண்டியே எண்ட ஒரு கடவுள், அவர் எட்டத்தில. கிட்ட வந்து நிண்டு கேக்கிற, கோவிக்கிற, சாப்பிடுற, ஆடுற தெய்வங்களை லுவா எண்டு சொல்லுவினம். பூசை செய்யிற ஆம்பிளை ஊங்கான், பொம்பிளை மான்போ. பொம்பிளையும் அங்க பூசை செய்யலாம், ஊங்கானுக்கு இருக்கிற அதே அதிகாரம் மான்போவுக்கும் இருக்கு, இதையும் அம்மாட்டச் சொல்லுங்கோ.

மச்சாள் ஆடுறது பெரும்பாலும் யான்வாலுவாத்தான் இருக்கும், கனக்க கிளாசுகளில அதில தான் தொடங்குறது. டான்பலா எண்ட பாம்புத் தெய்வத்துக்குரிய ஆட்டம் அது. வீடியோவைத் திருப்பிப் போட்டு முதுகை மட்டும் பாருங்கோ. முழங்கால் மடிஞ்சிருக்கும், உடம்பு முன்னுக்குச் சாய்ஞ்சிருக்கும், இடுப்பில வெளிக்கிட்ட அசைவு முதுகெலும்பு ஒவ்வொண்டாலயும் ஏறித் தோளுக்கு வந்து கழுத்தால போய், போய் முடிய முன்னமே அடுத்தது இடுப்பில வெளிக்கிடும், நடுவில ஒரு இடத்திலயும் வெட்டு விழாது. இன்னும் கீழ குனிஞ்சு கையை முழங்காலில வச்சு ஆடினா யான்வாலு தோபா. அரைமண்டியில முதுகை நிமித்திப் பிடிச்சுப் பழகின உங்களுக்கு முதல் பார்வையில ஏதோ பிழை மாதிரித்தான் படும். பிழையில்லை, நீங்கள் முதுகை அசையாம வச்சுக் கையையும் காலையும் கண்ணையும் பேச விடுறியள், அவை முதுகையே பேச விடுகினம். நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு வள்ளம் ஏறிப் போய்க் கற்பூரம் கொளுத்துற எங்கட அம்மாமாருக்குப் பாம்புத் தெய்வம் ஒண்டும் புதிசில்லையே.

தவில் பழகுறன். அங்க எத்தினை மேளம், எதால அடிக்கினம், தாளம் என்ன? கொஞ்சம் விவரமாச் சொல்லுங்கோ அண்ணை.
(சாவகச்சேரியிலயிருந்து ஒரு தம்பி)

விவரமாவே சொல்லுறன், எனக்கு ஆசையான இடம் இது.

ராடா எண்ட பிரிவுத் தெய்வங்களுக்கு மூண்டு மேளம். பெரியது மன்மன், நடுவான் செகோன், சின்னன் புலா. மரத்தைக் குடைஞ்ச உடம்பு, வாயில மாட்டுத்தோல், தோலை இழுத்துப் பிடிக்கிறது சுத்தவர அறைஞ்சிருக்கிற மரமுளையள், சுருதி ஏத்த வேணுமெண்டா முளையை இன்னும் உள்ளுக்கு அடிச்சு இறக்குவினம். புலாக்காரருக்கு ரெண்டு மெல்லிய தடி, அவற்ற வேலை ஒரே நடையைத் தொடக்கத்திலயிருந்து கடைசி மட்டும் விடாமப் பிடிக்கிறது. செகோன் அதுக்கு மேல உருண்டு உருண்டு மன்மனுக்கு மறுமொழி சொல்லும். மன்மனை ஒரு கையில தடியும் மற்றது வெறுங்கையுமா அடிப்பினம். உங்களுக்கு இடப்பக்கத் தொப்பியில கழி, வலந்தலையில கூடு போட்ட விரல், ரெண்டு முகத்தில ரெண்டு குரல். மன்மன்காரர் அந்த ரெண்டு குரலையும் ஒரே தோலில எடுக்கிறார், நடுவில அடிச்சா ஒண்டு, விளிம்பில தட்டினா ஒண்டு, கையால தோலை அமத்திக் கொண்டு தடியால அடிச்சா இன்னொண்டு.

இந்த மூண்டையும் கட்டி வச்சிருக்கிறது ஓகான். வெறும் இரும்பு தான். மணி கிடைச்சா மணி, இல்லாட்டி மண்வெட்டித் தகட்டைக் கையில பிடிச்சு இன்னொரு இரும்பால தட்டுவினம். எங்கட கச்சேரியில ஒரு ஓரத்தில இருந்து தாளம் போடுற பெடியனை ஒருத்தரும் கவனிக்கிறேல்லை, ஆனா அவன் பிசகினா தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து பிசகும், அந்த இடம் தான் ஓகானுக்கும். யான்வாலுவை எழுதிக் காட்டுற ஆக்கள் 12 சின்ன எண்ணிக்கையாப் போடுவினம். அதை மூண்டு மூண்டா நாலு தரமாவும் கேக்கலாம், ரெண்டு ரெண்டா ஆறு தரமாவும் கேக்கலாம். திஸ்ர நடை பழகியிருந்தா முதலாவது உங்களுக்கு உடன வரும், ஆனா ஓகான் ரெண்டுக்கும் குறுக்கால ஓடும், ஆடுற ஆளின்ர கால் ஒண்டில நிக்க முதுகு மற்றதில போகும். அதைக் கேட்டுப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும் தம்பி, அவசரப்படாதேங்கோ.

பெட்வோப் பிரிவு முழுக்க வேற. ஆட்டுத்தோல், கயித்தால இழுத்துக் கட்டினது, வெறுங்கையால அடி, வேகம். ராடாத் தெய்வங்கள் குளிர்ச்சி, பெட்வோத் தெய்வங்கள் சூடு எண்டுவினம். சவுக்கு வெடிக்கிற சத்தமும் விசிலும் அதுக்குள்ள கேக்கும். தோட்டத்தில அடிமையளின்ர முதுகில விழுந்த அதே சவுக்கு தான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இரும்புக்கும் போருக்கும் உரிய ஓகுவுக்கு நாகோ எண்ட நடை, செத்த ஆக்களின்ர தெய்வம் கேடேக்கு பாண்டா. மாயி, சேபோல், இபோ, கோங்கோ எண்டு இன்னும் நடையள் இருக்கு. அசொத்தோர் எண்டு ஆளை விட உயரமான ஒரு மேளமும் இருக்கு, அதைச் சுத்திச் சுத்தி ஆடிக்கொண்டு பலபேர் மாறி மாறி அடிப்பினம்.

மேளத்தை அவை ஒரு சாமானா வச்சிருக்கேல்லை. புது மேளத்துக்கு ஞானஸ்நானம் குடுத்துப் பேர் வைப்பினம், எங்கட வேதக்காரர் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வைப்பினம். மேளத்துக்குள்ள இருக்கிற சக்திக்குப் படையல் போடுவினம், உழைச்சுக் களைச்ச மேளத்தைக் கிடத்தி ஆறவிடுற சடங்கும் இருக்கு. திருவிழாவுக்கு வாற பெரிய ஆக்கள் மேளத்துக்கு முன்னால வந்து குனிஞ்சு வணங்கிப்போட்டுத்தான் மற்ற வேலை. நீங்களும் தவிலைத் தொட்டுக் கும்பிட்டிட்டுத் தானே வாரைத் தோளில போடுறியள், உங்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எங்கட அம்மன் கோயில் பொங்கலில உடுக்கடிச்சா என்ர தங்கச்சிக்குக் கலை வரும். அப்பிடியெண்டா அந்த டான்ஸ் கிளாசில ஆடுற பிள்ளையளுக்கும் வருமோ? பயமில்லையோ?
(பருத்தித்துறையிலயிருந்து ஒரு அம்மா)

அம்மா, மற்றக் கேள்வியளை விட இதில தான் எனக்குச் சொல்லக் கனக்க இருக்கு.

கோயிலில என்ன நடக்குது எண்டு முதல் பாருங்கோ. நடுவில ஒரு தூண், போட்டோ மிதான், அந்த வழியாத்தான் தெய்வம் இறங்கி வரும் எண்டு நம்பினம். நிலத்தில சோளமாவால வேவே எண்ட கோலம், ஒவ்வொரு லுவாவுக்கும் ஒவ்வொண்டு. பூசை செய்யிறவற்ற கையில ஆசோன், சுரைக்குடுவையில மணியும் பாம்பின்ர முள்ளெலும்பும் கோத்த கிலுக்கு, அதை ஆட்டினாத்தான் எல்லாம் தொடங்கும். முதல் பாட்டு லெக்பாவுக்கு, அவர் வாசல் திறக்காட்டி ஒருத்தரும் உள்ள வரேலாது, எங்களுக்குப் பிள்ளையார் முதல் எண்டது மாதிரித்தான். பிறகு ராடாத் தெய்வங்கள் முறைப்படி, பிறகு பெட்வோ, கேடே கடைசிப் பக்கமா. வெள்ளை உடுத்த ஊன்சிமார், தீட்சை எடுத்த அடியார், தூணை இடஞ்சுழியாச் சுத்திச் சுத்திப் பாடி ஆடுவினம், இது விடிய விடியப் போகும்.

இந்த நேரமெல்லாம் மன்மன்காரற்ற கண் தன்ர கையில இராது, ஆடுற ஆக்களில தான் இருக்கும். ஆர் களைச்சிட்டினம், ஆற்ற கால் தடுமாறுது, ஆற்ற முகம் மாறுது எண்டு பார்த்துக் கொண்டேயிருந்து சரியான நேரத்தில ஓடிக்கொண்டிருக்கிற நடையைப் பட்டெண்டு உடைப்பார். இதுக்குக் காசே எண்டு பேர். புலாவும் ஓகானும் பழையபடி ஓட, மன்மன் மட்டும் குறுக்கால இடி இடியா விழும். அதுவரைக்கும் அலை மாதிரிப் போன உடம்பு அந்த இடத்தில தாளம் தப்பித் தள்ளாடும், சிலருக்கு அந்த நேரம் தான் லுவா ஏறுறது. ஏறினவர் லுவா, ஏத்துப்பட்ட ஆள் குதிரை, அப்பிடித்தான் அங்க சொல்லுறது. உடன பக்கத்தில நிக்கிறவை தாங்கிப் பிடிச்சு, சப்பாத்தையும் நகையையும் கழட்டி, எந்தத் தெய்வம் எண்டு பார்த்து அதுக்குரிய லேஞ்சியைக் கட்டி விடுவினம். டான்பலா வந்தா கதையே இராது, நிலத்தில பாம்பு மாதிரி ஊர்ந்து சீறும், வெள்ளைத்துணி பிடிப்பினம். ஓகு வந்தா வாள் கேக்கும். வந்த தெய்வம் வாக்குச் சொல்லும், ஏசும், தேற்றும், பிறகு போகும். போனாப் பிறகு அந்த ஆளுக்கு ஒண்டும் நினைவிராது.

உங்கட தங்கச்சிக்கு நடக்கிறதும் இதுவும் ஒண்டு எண்டு நான் சொல்ல மாட்டன், தெய்வம் வேற, ஊர் வேற. ஆனா ஒண்டு கவனிச்சுப் பாருங்கோ, உடுக்குச் சத்தம் மட்டும் அவவுக்குக் கலையைக் கொண்டு வாறேல்லை. விரதம் இருந்து, வளந்து வச்சு, பொங்கல் பொங்கி, பூசாரியார் காவியம் படிச்சு, ஊர்ச்சனம் சுத்தி நிண்டு, விழுந்தாப் பிடிக்க ஆள் இருந்து, எல்லாம் சேர்ந்த இடத்தில தான் உடுக்கு வேலை செய்யுது. ரேடியோவில உடுக்குச் சத்தம் போட்டா அவ வீட்டில ஆடுறாவோ? அங்கயும் அப்பிடித்தான். கிளாசில வேவே இல்லை, ஆசோன் இல்லை, லெக்பாவைக் கேக்கேல்லை, வந்தா வரவேற்க ஊன்சிமார் இல்லை. மேளக்காரற்ற கண் வாத்தியில இருக்கும், வாத்தி சைகை காட்டினாக் காசே விழும், அதைக் கேட்டுப் பிள்ளையள் அடுத்த அடவுக்கு மாறுவினம். கோயிலில ஆளை உலுப்பின அதே அடி இஞ்ச வரிசை மாத்துற அடையாளமா இருக்கு. அடி மாறேல்லை, அது ஆருக்குப் பதில் சொல்லுது எண்டது தான் மாறியிருக்கு.

அப்ப ஒருக்காலும் வராதோ எண்டு கேட்டா, அப்பிடிச் சத்தியம் பண்ணேலாது. ஒருத்தருக்குத் தலை சுத்த வெளிக்கிட்டா, அதுக்குள்ள பிறந்து வளர்ந்த மேளக்காரர் கண்ட உடன நடையை மாத்துவார் இல்லாட்டி நிப்பாட்டுவார். அதால தான் சிடியைப் போட்டு நடத்துற கிளாசை விட மேளக்காரர் நேர வந்து இருக்கிற கிளாஸ் நல்லது எண்டு நான் அடிச்சுச் சொல்லுறன். பயமில்லை அம்மா, ஆனா மரியாதை வேணும். தங்கச்சிக்குக் கோயிலுக்கு வெளியிலயும் மயக்கம் வந்து விழுறாவெண்டா அதை மட்டும் ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்கோ.

ஹெய்ட்டி அரசாங்கமே இந்த மேளங்களை எரிச்சதெண்டு எங்கேயோ வாசித்த நினைவு. உண்மையோ? சரித்திரம் சொல்லவும்.
(காரைநகரிலயிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

உண்மை ஐயா. அடிமையள் கூடுறதைப் பிரெஞ்சு அரசு 1685ஆம் ஆண்டுச் சட்டத்திலயே தடுத்தது, மேளம் கேட்ட இடத்தில கலகம் வரும் எண்ட பயம் முதலாளிமாருக்கு எப்பவும் இருந்தது. பயந்த மாதிரியே 1791 ஆகஸ்டில புவா கயிமான் எண்ட இடத்தில இரவு நடந்த வூடுச் சடங்குக்குப் பிறகு தான் வடபகுதித் தோட்டங்கள் பத்தி எரிஞ்சது எண்டு ஹெய்ட்டிச் சனம் இண்டைக்கும் பெருமையாச் சொல்லும். 1804 ஜனவரி 1 சுதந்திரம். அடிமையள் எழும்பி அடிச்சு உண்டாக்கின நாடு அது.

ஆனா சுதந்திரம் வந்தும் மேளத்துக்கு விடிவு வரேல்லை. 1915 தொடக்கம் 1934 மட்டும் அமெரிக்கப் படை நாட்டைப் பிடிச்சு வச்சிருந்த காலத்தில கோயில்களுக்குள்ள புகுந்து மேளங்களைப் பறிச்சது. அவை போன கையோட 1935இல ஹெய்ட்டி அரசே மூடநம்பிக்கைச் சடங்கு எண்டு சொல்லிச் சட்டம் போட்டது. 1941, 42இல கத்தோலிக்கத் திருச்சபை அரசின்ர துணையோட ஒரு இயக்கமே நடத்தி, சனத்தைச் சத்தியம் பண்ண வச்சு, மேளங்களையும் பூசைச் சாமான்களையும் குவிச்சு எரிச்சது. அந்தக் காலத்திலயே எழுத்தாளர் ஜாக் ரூமென் இனவியல் நிலையம் ஒண்டைத் தொடங்கி மிச்சத்தைக் காப்பாத்தப் பாடுபட்டார். 1987 அரசியலமைப்போட தான் அந்தச் சட்டம் இல்லாமப் போனது, 2003இல வூடுவை ஒரு சமயமா அரசு ஏற்றுக்கொண்டது.

இதில எனக்கு மனம் பொறுக்காத இடம் வேற ஒண்டு. கோயிலில ஆடினாக் குற்றம் எண்ட அதே ஆண்டுகளில, அதே ஆட்டத்தை மேடையில ஏத்தி நாட்டார் கலை எண்டு வெளிநாட்டாருக்குக் காட்டினவை. 1949இல போர்ட்டோ பிரின்ஸ் நகரத்தின்ர 200ஆவது ஆண்டுக் கண்காட்சியில அது பெரிய கவர்ச்சி. மேளம் நல்லம், மேளத்தைக் கும்பிடுற ஆள் கூடாது எண்ட கணக்கு.

ஐயா, நல்லூர்க் கோயிலைப் போர்த்துக்கேயர் இடிச்சதை நாங்கள் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கிறம், அது சரி. பிறகு எங்கட ஆக்களே கண்ணகை அம்மன் கோயில்களையும் வைரவர் கோயில்களையும் ஆகம முறைக்கு மாத்தேக்க உடுக்கும் காவியமும் பூசாரியாரும் எத்தினை இடத்தில வெளியில போச்சினம் எண்டதையும் சேர்த்துச் சொல்ல வேணும் எண்டது என்ர அபிப்பிராயம். ஆகம முறைக்கு முன்னுக்கு நிண்ட ஆறுமுக நாவலரை மதிக்கிறன், அவர் செய்த தமிழ்த் தொண்டுக்கு ஈடில்லை, ஆனா இந்த விஷயத்தில போனது போனது தான்.

அங்க ஆடு கோழி வெட்டுவினமாமே?
(சுன்னாகம்)

சில பூசைகளில வெட்டுவினம், சமைச்சுச் சனத்துக்குக் குடுப்பினம். எங்கட ஊரிலயும் வேள்வி நடந்த கோயில்கள் இருக்கு. டான்ஸ் கிளாசில அப்பிடி ஒண்டும் இல்லை.

பாடசாலைக் கலைவிழாவுக்கு யான்வாலுவைப் பரதத்தோட கலந்து ஒரு உருப்படி போட ஆசை. செய்யலாமோ, அது அவமரியாதையாகுமோ?
(மானிப்பாயிலயிருந்து ஒரு நடன ஆசிரியை)

டீச்சர், செய்யலாம், அதுக்கு முதல் ஏற்கெனவே இந்தப் பாதையில போன ஆக்களைப் பாருங்கோ. கதரின் டன்ஹம் எண்ட கறுப்பின அமெரிக்கப் பெண், 1909இல பிறந்தவ, சிக்காகோப் பல்கலைக்கழகத்தில மானிடவியல் படிச்சுக் கொண்டிருக்கேக்க 1935, 36இல ஹெய்ட்டிக்குப் போனா. பார்த்து எழுதிக் கொண்டு திரும்பி வரேல்லை, அவை ஏற்றுக்கொண்டு தீட்சை குடுக்கிற அளவுக்கு உள்ள போனா. பிறகு நியூயோர்க்கில பள்ளிக்கூடம் வச்சு, யான்வாலுவின்ர முதுகசைவைத் தன்ர பயிற்சி முறைக்குள்ள வச்சா. பியானோ இருக்கிற இடத்தில மேளக்காரரை இருத்தினா. 2006இல சாகும் மட்டும் ஹெய்ட்டியை விடேல்லை, 1992இல ஹெய்ட்டி அகதிகளை அமெரிக்கா திருப்பி அனுப்பினதை எதிர்த்து 80 வயசு தாண்டின மனுசி 47 நாள் உண்ணாவிரதம் இருந்தா. எடுத்த கலைக்கு அவ எவ்வளவு திருப்பிக் குடுத்தா எண்டு பாருங்கோ.

மற்றப் பக்கத்திலயிருந்து வந்தவர் ஃபிரிஸ்னர் ஒகஸ்டின். 1948இல போர்ட்டோ பிரின்சில பிறந்து, கோயில் கோயிலா அடிச்சு வளர்ந்து, 1972இல நியூயோர்க் போய், மக்கண்டால் எண்ட குழுவை நடத்தி, கோயில் மேளத்தை மேடையிலயும் பல்கலைக்கழக வகுப்பிலயும் படிப்பிச்சவர், அங்கத்தைய சனத்துக்குப் பூசைக்கும் அடிச்சவர். 1999இல அமெரிக்க அரசின்ர தேசிய மரபுரிமை விருது கிடைச்சது, 2012இல காலமானார். பூசைக்கு எப்பிடி அடிக்கிறது, வகுப்புக்கு எப்பிடி அடிக்கிறது எண்டு அவற்ற கைக்கே தெரியும்.

எங்கட பக்கத்தில 60களில பேராதனையில பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடிய விடிய ஆடுற கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்தார், அண்ணாவிமாரைக் கூப்பிட்டு வச்சுத்தான் அதைச் செய்தார். நீங்களும் அப்பிடிச் செய்யுங்கோ. ஹெய்ட்டி வாத்தி ஒருத்தரிட்ட ஒன்லைனில எண்டாலும் முறையாப் படிச்சு, அவருக்குரிய காசைக் குடுத்து, விழா அழைப்பிதழில அவற்ற பேரையும் நடையின்ர பேரையும் போடுங்கோ. பிள்ளையளுக்கு டான்பலா ஆர் எண்டு சொல்லிக் குடுங்கோ. செய்யக் கூடாததும் இருக்கு. மேடையில வேவே கீறாதேங்கோ, கலை வந்த மாதிரிப் பிள்ளையளை விழுந்து உருள வைக்காதேங்கோ, முகத்தில வெள்ளைப் பூசி மண்டையோடு கீறிப் பேயாட்டம் காட்டாதேங்கோ. சன்னதியில செடில் குத்திக் காவடி எடுக்கிற ஆளை ஆரோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடத்தில வேஷம் போட்டு ஆடிக் காட்டினா எங்களுக்கு எப்பிடி இருக்கும்? பாண்டாவையும் விடுங்கோ, அது இடுப்பாட்டமும் பச்சைப் பகிடியும் சேர்ந்தது, கேடேக்குரிய நாளில கேடேயின்ர சனத்துக்கு நடுவில அதுக்கு ஒரு நியாயம் இருக்கு, பாடசாலை மேடை அதுக்கு இடமில்லை.

ஆபிரிக்க மேளத்தையும் பறையையும் எங்கட மங்கள வாத்தியத்தோட ஒண்டா வச்சு எழுதுறியள். பறை சாவீட்டு வாத்தியம். இதை நிப்பாட்டவும்.
(பேர் ஊர் போடாமல் வந்த கடிதம்)

நிப்பாட்ட மாட்டன். வற்றாப்பளை அம்மனின்ர பொங்கலில பறை கேக்கும், அம்மனுக்குத் தீட்டுப் படேல்லை. பறை சாவீட்டு வாத்தியம் ஆனது பறையின்ர குணத்தாலயில்லை, அதை அடிக்கிற ஆக்களைச் சாவீட்டுக்கு மட்டும் கூப்பிட்டு, படலைக்கு வெளியில நிப்பாட்டி, தேத்தண்ணியைச் சிரட்டையில குடுத்த எங்கட பழக்கத்தால. அந்த அவமானம் தாங்கேலாமத் தான், இது கலையில்லை எங்களுக்குப் பூட்டின விலங்கு எண்டு சொல்லிக் கன குடும்பங்கள் பறையை விட்டதுகள். விட்டது அவையின்ர உரிமை, அதை ஏன் விட்டனி எண்டு கேக்க எனக்கும் உங்களுக்கும் வாயில்லை. இப்ப திரும்ப எடுத்து மேடையில அடிக்கிற இளம் பிள்ளையளுக்கும் அதே உரிமை இருக்கு.

ஹெய்ட்டி மேளத்தை யூடியூப்பில போட்டுப் பிரமாதம் எண்டு சொல்லுற ஆக்கள் எங்களுக்குள்ள நிறைய இருக்கினம். அதே வாயால பறைக்காரரை உள்ளுக்கு வாங்கோ, கதிரையில இருங்கோ எண்டு சொல்ல மனம் வராட்டி அந்தப் பாராட்டுக்கு என்ன பெறுமதி? ஹெய்ட்டியிலயும் மேளக்காரர் கனபேர் ஏழையள் தான், ஒரு இரவு முழுக்க அடிச்சாலும் கிடைக்கிறது சொற்பம். ஆனா அங்க மேளத்துக்கு முன்னால குனியிற ஆள், அடிக்கிற ஆளைப் பார்த்து எட்டப் போ எண்டு சொல்லுறேல்லை. எனக்கு இந்தப் பத்தியை எழுத வச்சதே அந்த ஒரு விஷயம் தான்.

பழக விருப்பம். யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு எங்க தொடங்குறது? மிருதங்கம் கொஞ்சம் வரும்.
(கொக்குவிலிலயிருந்து ஒருத்தர்)

மன்மனை ஆசைப்படாதேங்கோ, அதைக் கடைசியாத்தான் குடுப்பினம். ஓகானில தொடங்குங்கோ. யான்வாலு ஒண்டைப் போட்டு, மேளத்தை மறந்திட்டு இரும்புச் சத்தத்தை மட்டும் பிடிச்சு, ஒரு பழைய மண்வெட்டித் தகட்டில ஆணியால தட்டிப் பழகுங்கோ, பாட்டு முடியும் மட்டும் பிசகாமத் தட்டேலுமெண்டா அடுத்தது புலா. புலாவுக்கு ரெண்டு ஈர்க்குத்தடி அளவு மெல்லிய கம்பு காணும், வெறும் வாங்கிலயே அடிக்கலாம். மிருதங்கக்காரர் எல்லாருக்கும் இடைவெளி கண்டா நிரப்ப வேணும் எண்ட ஒரு துடிப்பு இருக்கும், அதை அடக்குங்கோ, புலாக்காரர் சொந்தமா ஒரு அடியும் போடக் கூடாது. பாட்டையும் சேர்த்துப் படியுங்கோ, ஹெய்ட்டிக் கிரெயோல் பாட்டு, ஒருத்தர் பாட மற்றவை வாங்கிப் பாடுறது, வசந்தன் கூத்துப் பாட்டுக் கேட்ட காதுக்கு அந்த முறை கஷ்டமில்லை. பாட்டுத் தெரியாமக் கை மட்டும் பழகின ஆளுக்கு மன்மன் எங்க உடைக்குது, ஏன் உடைக்குது எண்டு பிடிபடாது. ரெண்டு மூண்டு பேராச் சேர்ந்து பழகேலுமெண்டா இன்னும் நல்லம், தனிய இருந்து படிக்கிற மேளமில்லை இது. உங்கட பக்கத்தில ஆரும் சேர விரும்பினா எங்கட முகவரிக்கு எழுதச் சொல்லுங்கோ, ஒராளை ஒராளோட தொடுத்து விடுறன்.